கோர்வை தெரியாத படம்

அந்த மனிதரை எங்கள் தெருவில் யாரும் நம்பியதில்லை. நான் ஒருபடி மேல். பால்காரர் படியை முக்கும்போது கட்டைவிரல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். சந்தேகம் உன்னோடு கூடப்பிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிப்பட்டவள் குடியிருக்கிற தெருவின் முனையில், இல்லாததை எல்லாம் இருப்பதாகக் காட்டுகிற ஒருத்தர் வந்து ஸ்டூடியோ போட்டால் எப்படி இருக்கும். அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி. தறிச்சத்தம் நின்றால்தான் ஜனங்கள் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். மாட்டுவண்டியிலிருந்து அவர் தன் பெரிய மரப்பெட்டிக் கேமராவை இறக்கிய அன்று எங்கள் தெருவில் பாதித் தறி நின்றது.

எந்த ஊர் என்று கேட்டால் சிரிக்காமல், "இப்போ இந்த ஊருதான்" என்பார். தெலுங்கு பேசுகிறவர்களிடம் தெலுங்கில் பேசினார். பாய்மார்களிடம் உருது பேசினார். எங்களிடம் எங்களைப் போலவே வந்துக்கினு போய்க்கினு என்று பேசினார். மூன்றும் ஒழுங்காகப் பேசுகிறவருக்கு வீட்டில் எந்தப் பாஷை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் என்ன சாதி என்பதும் பிடிபடவில்லை. பெண்டாட்டி பிள்ளை உண்டா என்றும் தெரியாது. எங்கள் ஊரில் இத்தனை தெரியாமல் இருந்தால் ஒருத்தனைத் திருடன் என்றே முடிவுகட்டிவிடலாம்.

வந்த புதிதில் ஒரு கட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சாயக்காரரிடம் போனார். கறுப்பு ஏற்றித் தரவேண்டும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்றால் எங்கள் சாயக்காரருக்குக் கை தானாக ஓடும். கறுப்பு என்றால் முகம் சுளிப்பார். கல்யாணப் பட்டுக்கு ஆகாத நிறம். போதாததற்கு, தொட்டியில் ஒருமுறை இறங்கினால் அடுத்து முக்குகிற நூலையும் கெடுத்துவிடும். இருந்தாலும் போட்டுக்கொடுத்தார். இவர் துணியை வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு, "பத்தலைங்க, இன்னும் கறுப்பாவணும்" என்றார். மறுபடி முக்கினார்கள். மறுபடியும் பத்தவில்லை.

"இதுக்கு மேல கறுப்பு கெடையாதுபா. அமாவாசையே இவ்ளோதான்" என்று சாயக்காரர் கையை விரித்தார்.

"இருக்குதுங்க. எதிர்ல விளக்கு போட்டாலும் துணி இருக்கறதே தெரியக்கூடாது. அதான் கறுப்பு."

அன்று பொழுது சாய்வதற்குள், தெருமுனைக்கு வந்திருப்பது போட்டோக்காரன் இல்லை, மலையாளத்து மந்திரவாதி என்று செய்தி பரவிவிட்டது.

அந்தத் துணியை எதற்குக் கேட்டார் என்பது ஸ்டூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் படங்கள் ஏறியபோது தெரிந்தது. ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு தடியான ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தன் உள்ளங்கையில் தன்னையே நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உள்ளே பல்பு பொருத்தி, அந்த வெளிச்சத்தைக் கீழிருந்து ஒரு தரம், பக்கத்திலிருந்து ஒரு தரம் காட்டி, ஒரே ஆளை ஒரே படத்தில் சாதுவாகவும் முரடனாகவும் ஆக்கியிருந்தார். கத்தரித்தாரா, ஒட்டினாரா, மையால் தீட்டினாரா என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "நான் கத்திரியைத் தொடமாட்டேன். எல்லாம் கேமராவுக்குள்ளயே நடந்தது. அது பாத்ததை நான் மாத்தலை."

முசரவாக்கத்திலிருந்து ராவணன் வேஷம் கட்டுகிற கூத்துக்காரர் ஒருவர் பத்துத் தலையோடு படம் வேண்டும் என்று கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்துக்குக் கீழே கறுப்புத் துணியைச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, ஒவ்வொரு தலைக்கும் ஆளைக் கொஞ்சம் நகர்த்தி உட்காரவைத்து, லென்சின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். நடுவில் ஒரு தலைக்குத் தும்மல் வந்துவிட்டது. படத்தில் ஒன்பது தலையும் ஒரு புகையும் இருந்தன. இன்னொரு தரம் எடுக்கலாமே என்றார்கள். "தும்மினாரு. கேமரா பாத்துது. அதுக்கு மேல நான் என்னா சொல்றது" என்று அப்படியே கொடுத்துவிட்டார். கூத்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தலைக்கு மட்டும் சீதை மேல் கோபம் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு இதில் எல்லாம் என்ன சூது என்று பார்த்துவிட வேண்டும். வீட்டுக்காரரைப் பிய்த்துப் பிடுங்கி ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு நானே காபி கொடுக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். லென்சுக்கு முன்னால் பாதியை மறைக்கிற மாதிரி ஒரு கறுப்பு அட்டையைச் செருகினார். இடதுபக்கம் நின்று டம்ளரை நீட்டச் சொன்னார். மூடியைத் திறந்து மூடிவிட்டு, "நீங்க பாதி வந்துட்டீங்க. அசையாம இருங்க, மீதி வரட்டும்" என்றார்.  மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. பிறகு அட்டையை மறுபக்கம் மாற்றிச் செருகி, நாற்காலியில் உட்காரவைத்து இன்னொரு தரம் எடுத்தார்.

"டம்ளரை வாங்கிக்கிற மாதிரி கையை நீட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"நீட்டாதீங்கமா. நடுவுல ஒரு கோடு இருக்குது. உங்க கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டினா விரல் போயிடும்."

படம் வந்தது. இரண்டு நானும் உட்கார்ந்தும் நின்றும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் ஒரு முழம் இருந்தது. என் மாமனார் அதைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் கோர்வை போடுவதில் பேர்போனவர். உடலை ஒரு நிறத்திலும் கரையை ஒரு நிறத்திலும் நெய்து, இரண்டும் சேருகிற இடத்தில் நூலோடு நூலைப் பின்னுவதுதான் கோர்வை. அது சரியாக விழுந்தால் புடவை கிழிந்தாலும் அந்த இடம் கிழியாது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டியே யார் தறிக் கோர்வை என்று சொல்லிவிடுவார். படத்தின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "கோர்வையே தெரியலைமா. இவன் ஆள் சாமானியன் இல்லை" என்றார். மாமனார் ஒருத்தரைப் பற்றி அவ்வளவு சொன்னதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அவரிடம் எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. ஒரு ஆளைப் பத்தாக்குவார், ஜாடிக்குள் அடைப்பார், உள்ளங்கையில் நிறுத்துவார். ஆனால் ஸ்டூடியோவுக்கு வராத ஆளைப் படத்துக்குள் கொண்டுவரமாட்டார். பட்டாளத்துக்குப் போன பிள்ளையிடமிருந்து சேதி இல்லாத அம்மா ஒருத்தி, அவனுடைய பழைய படத்தைக் கொண்டுவந்து, தன் பக்கத்தில் அவன் நிற்கிற மாதிரி செய்துகொடு என்று கெஞ்சினாள். "வராத ஆளை நான் கொண்டாரமாட்டேன்மா. புள்ள வரட்டும். வந்தா சும்மாவே எடுத்துத் தரேன்" என்று அனுப்பிவிட்டார். தெரு அவரைக் கல்நெஞ்சன் என்றது. எலெக்ஷன் சமயத்தில் கட்சிக்காரர் ஒருவர் தலைவரின் தோளோடு தோள் நிற்கிற மாதிரி வேண்டும் என்று வந்தார். அவருக்கும் அதே பதில்தான். "ராவணனுக்குப் பத்துத் தலை வெச்சே, எனக்கு ஒரு ஆள் வெக்கமாட்டியா?" என்று அவர் கேட்க, "அந்தப் பத்தும் அவரோட தலைங்க" என்றாராம். கட்சிக்காரர் சும்மா விடுவாரா. அந்த ஸ்டூடியோவில் பெண்பிள்ளைகளை வேறுமாதிரி படமெடுக்கிறான், உஷார் என்று கடைக்குக் கடை சொல்லிவைத்தார்.

நான் அதை முழுசாக நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதனால்தான் என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தபோது அவளைத் தனியாக விடாமல் நானே கூடப் போனேன். அவர் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அப்படி அழகான பெண்ணைப் பார்க்காமல் இருப்பானேன்.

படம் ஆரணிக்குப் போனது. பிடித்துவிட்டது. தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். மாமனார் முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டார். அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, சம்பந்தி தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்ணீர்கூட வாங்கவில்லை. மடித்த பேப்பருக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துத் தறிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தபால்ல வந்துச்சு. யாரு அனுப்பினான்னு இல்லை. நீங்களே பாருங்க."

என் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பையன். காஞ்சிபுரத்துப் பெரிய பட்டுக்கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டுகிறவன். நானே அவனிடம் விலை கேட்டிருக்கிறேன். வேறு சாதி. பின்னால் தொங்கிய திரை எங்கள் தெருமுனை ஸ்டூடியோவின் திரை. என் நாத்தனார் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் படத்தைக் காட்டவில்லை. கேட்டதற்கு, "நான் அவனைப் பாத்ததே இல்லை" என்றாள். குரலில் ஆட்டமே இல்லை.

மாமனார் கையிலிருந்து படம் என் கைக்கு வந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த நடுக்கோடு இல்லாததுதான். போட்டோக்காரரின் வித்தையாக இருந்தால் இருவருக்கும் இடையில் ஒரு நூல்கூடத் தாண்டாது. இதிலோ அவள் முந்தானை அவன் முழங்கால்மேல் கிடந்தது. அடுத்தது அந்த முந்தானை. அதன் கரையில் கிளிகள். எங்கும் கிளிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதில் எல்லாக் கிளியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மாமனார் தறியில் ஒருதரம் தப்பு விழுந்து, விற்கமுடியாமல் போன புடவை. அதனால்தான் அது என் கல்யாணத்துக்கு எனக்கு வந்தது என்பது என் பழைய சந்தேகம். உலகத்தில் அப்படிப் புடவை ஒன்றுதான். அது என் பெட்டியில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று அவள் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

  படத்தைத் தரையில் வைத்துவிட்டேன்.

போட்டோக்காரரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நடையில் தெருவே நின்றது. சம்பந்தி கேட்டார்: "இது நீ எடுத்ததா?"

"நான் எடுத்ததுதான்."

"இந்தப் பொண்ணு உன் கடைக்கு வந்துச்சா?"

அவர் படத்தைப் பார்த்தார்.  ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடுவார். வந்தார்கள், எடுத்தேன், அவ்வளவுதான். இந்த வீட்டுப் பெண்தான் கெட்டவள் ஆவாள், கல்யாணம் நிற்கும். அதற்குப் பிறகு அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருக் கிணற்றுக்கு மூடி போட்டதே அப்படி ஒரு பெண் போனபிறகுதான். வராத ஆளைக் கொண்டாரமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாய் இப்போது என்ன சொல்லப்போகிறது என்று நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமனார் குனிந்து படத்தை எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அவள் கழுத்தருகே நகத்தை ஓட்டினார்.

"இங்க பாருங்க சம்பந்தி. மூஞ்சி ஒரு நெறம், கழுத்து ஒரு நெறம். கழுத்தாண்ட கோர்வை இருக்குது. இது சேத்த படம்."

தாடைக்குக் கீழே விழுந்திருந்தது வெறும் நிழல். பக்கத்து விளக்கு போட்டால் அந்த இடத்தில் அப்படித்தான் விழும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படத்திலும் அந்த நிழல் உண்டு. போட்டோக்காரர் மாமனாரின் முகத்தைப் பார்த்தார். மாமனார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரியவரு சொல்றது சரி" என்றார் போட்டோக்காரர். "மூஞ்சி மட்டும்தான் இந்தப் பொண்ணோடது. முன்ன எடுத்த படத்துலேர்ந்து கத்திரிச்சேன். ஒடம்பு வேற யாரோ. அந்தப் பையன் கேட்டான், செஞ்சேன்."

"நீதான் கத்திரியைத் தொடமாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தியே" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அதெல்லாம் யாபாரத்துக்குச் சொல்றது."

சம்பந்தியின் தம்பி ஓங்கி ஒரு அறை விட்டார். போட்டோக்காரர் தள்ளாடி, தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கொண்டுவா என்றார்கள். போய்க் கொண்டுவந்தார். வாசல் கல்லில் போட்டு உடைக்கச் சொன்னார்கள். உடைத்தார். படத்தை மாமனார் கிழித்து அடுப்பில் போட்டார். சம்பந்தி எங்கள் வீட்டில் காபி குடித்தார்.

கோர்வைக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் இந்தப் பக்கமிருந்து நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளினால் மறுகரையில் ஒருத்தர் வாங்கவேண்டும். அன்று அந்த இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் அதைப் போட்டார்கள். மறுநாள் மாமனார் தறியில் உட்கார்ந்தபடி என்னிடம், "கல்யாணத்துக்கு அந்தப் பொடவையைக் கட்டாதமா" என்றார். எந்தப் புடவை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் ஸ்டூடியோ பக்கம் போகவில்லை. பெண்கள் போகாத ஸ்டூடியோவுக்கு ஆண்கள் எதற்குப் போகப்போகிறார்கள். கண்ணாடிப் பெட்டியை யாரோ கல்லால் அடித்தார்கள். ஜாடிக்குள் இருந்த தடியான ஆள் தெருவில் கிடந்தார். கட்சிக்காரர், நான் அப்பவே சொன்னேனே என்று மார்தட்டினார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. பொய் சொல்லி அடி வாங்கியதில் போட்டோக்காரருக்கு என்ன லாபம் என்று எப்படியெல்லாமோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கமும் லாபம் வரவில்லை. லாபம் இல்லாமல் ஒருத்தர் செய்ததை என் புத்தி ஏற்றுக்கொள்ள மறுத்தது. கோபமாகக்கூட வந்தது. கடையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு, தண்ணீருக்குப் போகிற சாக்கில் வாசலில் நின்றேன். கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் இன்னும் வீக்கம் இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு படம் எடுக்கும்போது சொல்கிற அதே குரலில், "அசையாதீங்கமா. படம் பாழாயிடும்" என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆடி மாதம் பிறப்பதற்குள் அவர் ஊரிலேயே இல்லை.

கல்யாணம் நடந்தது. போட்டோ என்ற பேச்சே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டதால் ஒரு படம்கூட எடுக்கவில்லை. என் நாத்தனார் ஆரணியில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள், சொந்த வீடு. அந்தப் பட்டுக்கடைப் பையன் பெங்களூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தன் கையிலிருந்த படத்தை அவன்தான் அனுப்பினான் என்று நினைக்கிறேன், கல்யாணம் நிற்கட்டும் என்று. போட்டோக்காரர் பேச்சு எடுத்தால் மட்டும் என் நாத்தனார் கொதிப்பாள். "அந்தப் படுபாவி என் வாழ்க்கையிலயே மண்ணைப் போடப் பாத்தான்" என்று புருஷன் முன்னால், மருமகள்கள் முன்னால் சொல்வாள். அவள் நடிக்கிறாளா, நிஜமாகவே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாளா என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சில சமயம் எனக்கு ஆத்திரம் பொங்கும். அடி வாங்கினவரை இன்னும் எத்தனை தரம் அடிப்பாய் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

புருஷன் போனபிறகு கொஞ்சநாள் என்னோடு இருக்க வந்தாள். கூட வந்த பேத்தி, சின்ன வயதில் ஆயா எப்படி இருந்தாள் என்று பார்க்க ஒரு படம் கேட்டு என் பெட்டியைக் குடைந்தாள். ஒன்றும் இல்லை. பெண்பார்க்க அனுப்பிய படம் ஆரணி வீட்டில் கரையான் அரித்துவிட்டது. பேத்தி சலித்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அண்ணி" என்றாள். "அந்தப் படத்தை நீங்க பாத்தீங்க இல்ல?"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. "பாத்தேன்" என்றேன்.

"நான் பாக்கவே இல்லை."

கீரையைக் கிள்ளுவதை அவள் நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. மாமனாரும் போய், சம்பந்தியும் அவர் தம்பியும் போய், இரண்டு வீட்டிலும் அதைக் கண்ணால் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்படி இருந்தேன்?"

நினைவில் இருந்ததை எல்லாம் சொன்னேன். தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். காதில் ஜிமிக்கி இருந்தது. நெற்றியில் ஒரு முடி விழுந்திருந்தது, போட்டோக்காரர் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. பக்கத்து விளக்கு வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்தது. "சிரிச்சுக்கினு இருந்தடி" என்றேன். "அதுக்கு முன்னயும் பின்னயும் நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை."

 ஆய்ந்த கீரையை முறத்தில் பரப்பினாள், மறுபடி குவித்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்காரு அவரு" என்றாள். அவள் வாயில் அந்த மனிதருக்கு ஒரு 'அவரு' வந்தது அன்றைக்குத்தான்.